கீறல் விழுந்த படம்

டிசம்பர் 16

நேற்று முன்னறையில் இருந்தவர்கள்: நான், என் பெரிய மகன், அவன் பெண்டாட்டி, பேத்தி, பக்கத்துச் சலவைக்கடைக்காரி, எதிர்வீட்டு பஸ் டிரைவர். நாளைக்கு யாரும் "நான் அங்கே இல்லையே" என்று நழுவக் கூடாது. அதனால் ஆளை முதலில் எழுதிவிட்டேன்.

அன்புள்ள தம்பி, இனிமேல்தான் நலம் விசாரிப்பு. உன் முட்டி மடங்குகிறதா? உன் பெண்டாட்டிக்குச் சர்க்கரை இறங்கியதா? எனக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறது. இதை ஏன் தனியாக எழுதுகிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

முந்தாநாள் சாப்பாடு ஆனதும் மாடிக்குப் போனேன். நீ கொடுத்த பழைய கேமராவை ஸ்டாண்டில் முடுக்கி, லென்ஸில் பனி படியாமல் இருக்கச் சூடான உப்பைத் துணியில் முடிந்து சுற்றி, பட்டனைப் பூட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். அது தன் பாட்டுக்கு டக், டக் என்று எடுத்துக்கொண்டிருந்தது. அப்போது வந்தது, தம்பி. கிழக்கே மெல்லிசாகத் தொடங்கி, நடுவில் பருத்து, பச்சையாக எரிந்து, நீ படமெடுக்க உயிரை விடுகிறாயே வானத்தில் அந்தப் பஞ்சுத் துணுக்கு, அதற்குப் பக்கமாகப் போய்ச் சிவந்து அணைந்தது. நிலா இல்லாத வானம். தரையில் என் நிழல் விழுந்தது.

மறுநாள் சாயங்காலம் பேத்தி கடையில் படத்தைப் பெரிதாகப் போட்டுக்கொண்டு வந்தாள். எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். பெரியவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தான்.

"ஏம்மா, இது ஏரோப்ளேன்ம்மா. இறங்குற நேரத்துல விளக்கு போட்டுக்கிட்டு வரும்."

"ஏரோப்ளேன் விட்டு விட்டு மினுக்கும்டா. இது ஒரே இழுவையா இருக்கு பாரு."

"சரி, எரிகல்லாவே இருக்கட்டும். போன மழைக்கு மாடிப்படியில வழுக்கி உக்காந்தியே, அது எந்தக் கல்லு?"

மருமகள் சிரித்தாள். டிரைவர், "பாத்தா ஏரோப்ளேன் மாதிரிதான் இருக்கு, ஆனா அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று இரண்டு பக்கமும் இன்டிகேட்டர் போட்டார். சலவைக்கடைக்காரி மட்டும், "ஏரோப்ளேன் பச்சையா எரிஞ்சா உள்ள இருக்கிறவங்க கதி என்ன?" என்று கேட்டாள். அவளை நான் மறக்க மாட்டேன்.

கடைசியில் பெரியவன் எல்லோர் முன்னாலும் சொன்னது இது. "அவ்வளவு பெரிசா எரிஞ்சிருந்தா மாமா ஊர்லயும் தெரிஞ்சிருக்கும். ஏரோப்ளேன் ரெண்டு ஊர்ல ஒரே நேரத்துல தெரியாது. மாமா படத்துல இது இருந்தா மாடிச் சாவி உங்கிட்ட. நான் வாயே திறக்க மாட்டேன். இல்லைன்னா இனிமே மாடிப் பேச்சே பேசாத." அதுவரைக்கும் சாவி அவன் பையில்.

அன்றைக்கு உன் கேமராவும் திறந்திருந்தது, எனக்குத் தெரியும். பஞ்சுக்குப் பக்கத்தில்தான் போயிற்று. என் படத்தில் ஒரு பிரதி இத்துடன் இருக்கிறது, உன் படத்தை எடுத்து அனுப்பு. போன் பண்ணாதே. போனில் பேசினால் அடுத்த வாரம் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே அக்கா" என்பாய். எழுது.

அக்கா

*

ஜனவரி 5

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. எல்லோரும் சுகம். முட்டி படியிறங்கும்போது மட்டும் முனகுகிறது. அவளுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, கோபம் அதே அளவில் இருக்கிறது.

ஒரு நல்ல செய்தி. ஆண்ட்ரோமெடா நட்சத்திரத் திரள் ஒருவழியாக வெளியே வந்துவிட்டது. கார்த்திகையில் தொடங்கி எடுத்ததையெல்லாம் கம்ப்யூட்டரில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினேன். முன்பு நடுவில் ஒரு புகைதான் தெரியும். இப்போது சுற்றிலும் கைகள் பிரிவது தெரிகிறது. அந்த வெளிச்சம் அங்கிருந்து கிளம்பியபோது மனுஷன் என்று ஒருவனும் பிறக்கவில்லை. கண்ணாடிக்கடையில் நாள் முழுக்க மற்றவர்களுக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுத்தவன், எனக்காக ஒரு லென்ஸ் வழியாக இதைப் பார்க்கிறேன். நீ பஞ்சு என்றே சொல்லிக்கொள். ஒரு படத்தை உனக்கு அனுப்புகிறேன்.

பெரியவன் சொல்வதிலும் தப்பில்லை அக்கா. உனக்கும் வயதாகிறது. பனியில் நிற்காதே. பேத்தி நன்றாகப் படிக்கிறாளா?

நீ கேட்டது பற்றி. அன்றைக்கு இங்கே மேகம்.

அன்புடன்,
தம்பி

*

ஜனவரி 10

தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அதைக் கெடுக்கத்தான் உன் கடிதம் வந்தது.

இரண்டு பக்கம் பஞ்சு, ஒரு வரி மேகம். சட்டைக் கம்பெனியில் காஜா எடுக்கும்போது ஒரு பையன் இருந்தான். துணியைக் கிழித்துவிட்டால் அன்றைக்கு நிறையப் பேசுவான். வீட்டில் எல்லோரையும் விசாரிப்பான். கிழிசலைக் கடைசியில் மடித்து வைத்திருப்பான். உன் கடிதத்தைப் படித்ததும் அவன் முகம் வந்தது.

உன் பெண்டாட்டி அந்த வாரம் பேத்தியிடம் போனில் பேசினாள். "வானம் துடைச்சு வச்ச மாதிரி இருக்கு, உங்க மாமா தாத்தா கீழயே இறங்கல" என்று சொன்னாளாம். மேகம் அவளுக்குத் தெரியாமல் உன் தலைக்கு மேல் மட்டும் வந்து நின்றதா?

இங்கே மாடிக் கதவில் பூட்டு தொங்குகிறது. புதுப் பூட்டு. நேற்று அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். மருமகள் பார்த்துவிட்டு, "அத்தை, உங்க நல்லதுக்குத்தானே" என்றாள். என் நல்லதுக்கு என்று சொல்லி என்னிடமிருந்து எடுத்தவை பல. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை எடுத்தார்கள். அதுவும் என் நல்லதுக்குத்தான். உன்னைச் சேர்க்க வேண்டியிருந்தது என்பதை யாரும் சொல்லவில்லை. அதற்கு உன்னை நான் குறை சொன்னதில்லை, நீ குழந்தை. இப்போது நீ குழந்தை இல்லை.

நல்ல பதிலாக எழுது.

அக்கா

*

ஜனவரி 29

தம்பி,

உடம்பு சுகம். பூட்டும் சுகம். நேற்று மழைவிட்டு வானம் கழுவிவிட்டது போல் இருந்தது. சமையலறை ஜன்னல் வழியாகக் கையகலம் பார்த்தேன். கேமராவை ஜன்னல் கம்பியில் கட்டினேன். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் விழுந்தது. பெரியவன் பார்த்துவிட்டு, "இது எந்த கிரகம்?" என்றான். அவனோடு நான் பேசுவதில்லை.

உன் பதில் வரவில்லை.

அக்கா

*

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். படம் கிடைத்துவிட்டது. வேறு ஒரு மெமரி கார்டில் இருந்திருக்கிறது. மேகம் என்று எழுதியது என் ஞாபகப் பிசகு. இத்துடன் வைத்திருக்கிறேன். பெரியவனிடம் காட்டு. படியில் கைப்பிடியைப் பிடித்து ஏறு.

தம்பி

*

பிப்ரவரி 17

என் தங்கமான தம்பிக்கு,

நீ நூறு வயது இரு. உன் முட்டியும் நூறு வயது இருக்கட்டும்.

கவர் வந்ததும் பிரிக்கவில்லை. பழைய ஆட்கள் எல்லோரும் வரட்டும் என்று வைத்திருந்தேன். டிரைவருக்கு மாலை டூட்டி. அவர் வண்டியை டெப்போவில் விட்டு வரும் வரைக்கும் காத்திருந்தோம். மருமகள் தண்ணீர் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போனாள். கடைசியில் பெரியவன் கையிலேயே கவரைக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னேன். உன் படத்தையும் என் படத்தையும் மேஜையில் வைத்தான். கண்ணாடியை ஏற்றிவிட்டு மாறி மாறிப் பார்த்தான்.

"மாமாவே எடுத்திருக்காரு" என்றான்.

"ஏன், மாமாவுக்குக் கண்ணு தெரியாதா?"

"அதுக்கில்லம்மா." பையில் கையை விட்டுச் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். "நான் தப்பா சொல்லிட்டேன். பாத்துப் போ."

டிரைவர் கைதட்டினார். "நான் அன்னைக்கே சொன்னேனே" என்றார். அவர் அன்றைக்குச் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது, சந்தோஷத்தில் விட்டுவிட்டேன்.

இது வரைக்கும் நேற்று எழுதியது. இன்று காலை இரண்டு படத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

போன வருஷம் நாம் இரண்டு பேரும் ஒரே எரிகல்லைப் பிடித்தோமே. என் படத்தில் அது ஒரு நட்சத்திரத்துக்கு மேலே, உன் படத்தில் கீழே. நான் சண்டைக்கு வந்தேன். "விரலை மூக்குக்கு முன்னால் நீட்டி ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார் அக்கா, விரல் இடம் மாறும். நம் இரண்டு ஊரும் இரண்டு கண் மாதிரி" என்று நீதான் எழுதினாய். அந்தக் கடிதம் என்னிடம் இல்லை, எனக்கு அது தேவையும் இல்லை.

இந்தப் படத்தில் விரல் நகரவே இல்லையே தம்பி. என் கோடு எந்த நட்சத்திரத்தை உரசிக்கொண்டு போகிறதோ, உன் கோடும் அதையேதான் உரசுகிறது. பருத்த இடமும் அதே இடம்.

ஏன்?

அக்கா

*

மார்ச் 4

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

தம்பி மனைவி எழுதுகிறேன். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். இவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அன்று இங்கே மேகம் கிடையாது. நீங்கள் சொன்ன எரிகல் இவர் கேமராவிலும் விழுந்தது. இவர் பழக்கம் உங்களுக்குத் தெரியும். அந்தப் பஞ்சுப் படத்துக்கு விமானமோ எரிகல்லோ கோடு போட்டால் ஆகாது. காலையில் எழுந்து, கீறல் விழுந்தது எதுவோ அதையெல்லாம் அழித்துவிட்டுத்தான் பல் தேய்ப்பார். அன்றும் அழித்துவிட்டார். "சே, நல்ல படத்துல குறுக்க வந்துடுச்சு" என்று திட்டிக்கொண்டே அழித்தார், நான் பக்கத்தில் இருந்தேன். அப்புறம்தான் உங்கள் கடிதம் வந்தது.

அழித்ததை மீட்கக் கடை கடையாக அலைந்தார். ஒன்றும் வரவில்லை. அக்கா சாகும் வரைக்கும் சொல்லிக் காட்டுவாள் என்று பயந்துதான் மேகம் என்று எழுதினார். உங்கள் தண்ணீர்த் தொட்டிக் கடிதம் வந்த அன்று சாப்பிடவில்லை. பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, உங்கள் படத்தைப் பார்த்துப் பார்த்து அந்தக் கோட்டைப் போட்டார். நான் வேண்டாம் என்றேன். "அக்காவுக்குச் சாவி கிடைக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

அவருக்கு ரத்த அழுத்தம் ஏறி இறங்குகிறது. கோபத்தைக் கொஞ்சம் குறைத்து எழுதுங்கள்.

வணக்கத்துடன்,
உங்கள் தம்பி மனைவி

*

மார்ச் 9

தம்பி மனைவிக்கு,

ஆசிகள். நீ எழுதியது சரி. உன் கல்யாணத்தில் என்னைக் கடைசிப் பந்திக்குத் தள்ளிய உன் பெரியப்பாவை இன்னும் நான் விடவில்லை, ஆனால் உன் மேல் இன்று முதல் எனக்கு ஒன்றும் இல்லை.

அவனுக்கு மாத்திரையைக் கொடு. கொடுத்துவிட்டு, அக்காவுக்கு எல்லாம் தெரியும் என்று சொல். அவனையே எழுதச் சொல்.

அண்ணி

*

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. உடம்பு பரவாயில்லை.

ஆமாம், அழித்தேன். ஆமாம், நான்தான் போட்டேன். ஆனால் ஒன்று யோசித்துப் பார். நீ பார்த்தது நிஜம். நானும் பார்த்தேன், அதுவும் நிஜம். என் கேமராவில் விழுந்ததும் நிஜம். இல்லாத ஒன்றை நான் போடவில்லை. இருந்ததை, என் கையால் போனதை, திரும்ப வைத்தேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? சாவி உன்னிடம் இருக்கிறது. பெரியவனுக்கும் மனசு ஆறிவிட்டது. இதை இப்படியே விட்டுவிடு. அவனிடம் சொன்னால் உனக்கும் மாடி இல்லை, எனக்கும் அவன் முகத்தில் விழிக்க வழி இல்லை. அவனுக்கு நான் தாய்மாமன் அக்கா.

உன் காலில் விழுகிறேன் என்று நினைத்துக்கொள். முட்டி விடாது, அதனால் நினைத்துக்கொள்.

தம்பி

*

மார்ச் 31

தம்பிக்கு,

நலமா என்று கேட்கிறேன். கேட்க வேண்டிய முறை, கேட்கிறேன்.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு நிறைய யோசித்தேன். சாவி முந்தானையில் முடிந்திருந்தது. மாடிக்குப் போனேன். நாற்காலி, ஸ்டாண்டு, வானம் எல்லாம் என்னுடையவையாக இருந்தன. கேமரா பட்டனைப் பூட்டிவிட்டு உட்கார்ந்தேன். ஒன்று விழுந்தது, சின்னது. விழுந்ததும் என் மனசில் என்ன வந்தது தெரியுமா? இதைக் காட்டினால் யார் நம்புவார்கள், இதற்கும் தம்பியை ஒரு கோடு போடச் சொல்ல வேண்டுமா என்று வந்தது. அப்போதே இறங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஐந்து பேரையும் மறுபடி கூப்பிட்டேன்.

"திரும்பவும் படமா அத்தை?" என்றாள் மருமகள்.

"படம் இல்ல. இது பொய்ப் படம்" என்று உன்னுடையதை மேஜையில் போட்டேன். "நிஜப் படத்தை அவன் தெரியாம அழிச்சுட்டான். இது அவன் கம்ப்யூட்டர்ல போட்ட கோடு. என் கோடு மட்டும்தான் வானத்துல விழுந்தது." சாவியை அதன் மேல் வைத்தேன்.

பெரியவனுக்குச் சாவி கண்ணில் படவே இல்லை. "மாமாவா?" என்றான். "மாமாவா போட்டாரு?"

டிரைவர் தலையைச் சொறிந்தார். "நீங்க சொல்லலைன்னா எங்களுக்கு என்னம்மா தெரியப் போகுது? பேசாம இருந்திருக்கலாமே."

அவருக்கு நான் பதில் சொல்லும் முன்னால் பேத்தி என்னுடைய படத்தைக் கையில் எடுத்தாள். கடையில் கொடுத்துப் பெரிதாகப் போட்டுக்கொண்டு ஓடி வந்தவள் அவள்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப இதுவும் மாமா தாத்தா போட்டதா பாட்டி?"

யாருக்கு என்ன நஷ்டம் என்று எழுதினாயே. இதுதான் தம்பி.

நான் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. "இல்லடி, இது விழுந்தது" என்றேன். "சரி பாட்டி" என்றாள். அந்தச் "சரி"யை நான் கேட்டேன். பெரியவன் ஏரோப்ளேன் என்று சொன்னபோது எனக்கு வலிக்கவில்லை. அவன் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டான். இவள் என்னையே சந்தேகப்பட்டாள்.

பெரியவன் சாவியை எடுத்துக்கொள்ளத் தயங்கினான். "இருக்கட்டும்மா, நீயே வச்சுக்கோ" என்றான், இரக்கப்பட்டு. இரக்கத்தில் வரும் சாவி எனக்கு எதற்கு? அவன் சட்டைப் பையில் நானே போட்டேன்.

ஆனால் மாடிப் பேச்சே பேசக் கூடாது என்றுதானே பந்தயம். எந்த மாடி என்று அவன் சொல்லவில்லை. சலவைக்கடைக்காரி, "எங்க மாடியில துணி காயப்போடுற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் சும்மாதான கிடக்கு" என்றாள், எல்லோர் காதிலும் விழும்படி. அவள் மாடிக்கு இரும்புப் படி. செங்குத்து. ஒரு பக்கம் கைப்பிடியே கிடையாது. அன்று இரவே ஏறினேன். பெரியவன் பின்னாலேயே ஓடி வந்து கீழே நின்றான். இப்போது தினமும் வந்து நிற்கிறான். டார்ச்சை மேலே அடிக்கிறான். "வெளிச்சத்தை அணைடா, படம் வெளுத்துப் போகுது" என்று மேலிருந்து கத்துகிறேன். "நம்ம வீட்டு மாடிக்கே வந்துடும்மா" என்கிறான். நம் வீட்டுச் சாவி அவன் பையில் கிடக்கிறது. கிடக்கட்டும். அவன் சொல்ல வேண்டியது அது இல்லை. "நீ பாத்தது எரிகல்லுதாம்மா" என்று அந்த ஐந்து பேர் முன்னால் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் இரும்புப் படிதான்.

வருகிற மாதம் இருபதாம் தேதிக்கு மேல் மறுபடி எரிகற்கள் விழும் காலம். உன் கேமராவைத் திற. பஞ்சை எடுக்காதே. நான் சொல்லும் பக்கம் திருப்பி வை. விடிந்ததும் ஒன்றையும் அழிக்காமல், கீறல் விழுந்தது விழாதது எல்லாவற்றையும் அந்தக் கார்டோடு எடுத்துப் பேத்தி பெயருக்கு அனுப்பு. எனக்கு வேண்டாம், அவளுக்கு. அவள் கையால் பிரித்து, அவள் கண்ணால் இரண்டையும் பக்கத்தில் வைத்து, விரல் நகர்கிறதா என்று பார்க்கட்டும். கிடைக்கும் வரைக்கும் மாதா மாதம் அனுப்ப வேண்டும். முட்டி வலிக்கிறது என்று எழுதாதே.

உன் பெண்டாட்டியைக் கேட்டதாகச் சொல். மாத்திரையை விடாதே, நீ எனக்கு இன்னும் ரொம்ப நாள் வேண்டும்.

பூட்டுப் போட்ட பெரியவனை மன்னித்தாயிற்று, அவன் கீழே நிற்கிறான். சிரித்த மருமகளை மன்னித்தேன். டிரைவரை மன்னிக்க அவர் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. என் எரிகல்லை அழித்தவனைக்கூட மன்னித்தேன், அது பழக்கதோஷம். மேகம் என்றவனையும் விட்டுவிடுகிறேன், அது பயம். அந்தக் கோட்டை உட்கார்ந்து, என் படத்தைப் பார்த்துப் பார்த்துப் போட்டவன் ஒருவன் இருக்கிறான். அவனை மட்டும் நான் மன்னிக்கப் போவதில்லை. அவன் என் கூடப் பிறந்த ஒரே தம்பி.